பிஸ்கட் டப்பாவுக்குள் வயநாட்டு சோப்பு

ஒரு மலையில் ஒரு சோப்பு இருந்தது. வயநாட்டு மலை. அங்கே ஒரு விடுதியின் குளியலறையில், எலுமிச்சைப்புல் வாசத்தோடு, காக்கித் தாள் சுற்றி, இடுப்பில் சணல் கட்டி, வெள்ளைத் துண்டின் மேல் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. அதற்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். வாசம் போவதற்குள் தண்ணீரில் நனைந்து, நுரைத்து, கரைய வேண்டும். சோப்பாகப் பிறந்துவிட்டு இதைக்கூட ஆசைப்படாவிட்டால் எப்படி?

அந்த அறைக்குக் கோயமுத்தூரிலிருந்து சிவகுருநாதனும் அவர் மனைவி இந்திராணியும் நான்கு நாள் விடுமுறைக்கு வந்தார்கள். சிவகுருநாதனுக்கு வயது நாற்பத்தெட்டு. ஒரு பம்பு கம்பெனியில் மேனேஜர். ஐம்பதில் வேலையை விட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது என்று முடிவு செய்து, அதற்காகப் பத்து வருஷமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்கிறவர். வருஷத்தில் நான்கு நாள் மட்டும் கட்டை அவிழ்த்துவிடுவார்.

அவிழ்த்துவிட்டால் கேட்க வேண்டுமா! சுடுதண்ணீர் ஷவருக்கு அடியில் முக்கால் மணி நேரம் நின்றார். ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டுக் கம்பளிக்குள் நடுங்கினார். காலைச் சாப்பாட்டில் தோசை, புட்டு, ஆம்லெட் என்று மூன்று தட்டு ஏற்றினார். ஆனால் குளித்தது மட்டும் வீட்டிலிருந்து டப்பியில் கொண்டுவந்த சிவப்பு சோப்பில்தான். விடுதி சோப்பை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, "இது கெடக்கட்டும், ஊருக்குக் கொண்டு போயிரலாம்" என்று பெட்டியின் பக்கப் பையில் செருகிவிட்டார்.

சோப்புக்கு ஒரே குஷி. 'இவ்வளவு அனுபவிக்கத் தெரிந்த மனுஷன் வீட்டில் எனக்கு என்ன குறை?' என்று நினைத்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்ததும் மனுஷன் வேறு ஆளாகிவிட்டார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் ஹாலில் இந்திராணி போட்ட இரண்டு விளக்கில் ஒன்றை அணைத்தார். மறுநாள் காலையில் கீசரைப் போட்டு, மொபைலில் ஏழு நிமிஷத்துக்கு அலாரம் வைத்தார். பேஸ்ட் ட்யூபைக் கத்தரியால் இரண்டாக வெட்டி, உள்ளே பிரஷ்ஷை விட்டு வழித்தார். பயணம் போய்வந்த சிவப்பு சோப்பு தேய்ந்து சில்லாகிவிட்டதால், அதைப் புது சோப்பின் முதுகில் வைத்து அழுத்தி ஒட்டினார். முதல்நாள் வரை மூன்று தட்டு ஏற்றிய கை அது.

"ஏனுங்க, அந்த வயநாட்டு சோப்பை எடுத்துக் குடுக்கட்டுங்களா? என்ன வாசம் பாருங்க" என்றாள் இந்திராணி.

"அதையா? சும்மா இரு புள்ள. ரிட்டையர் ஆன மொத நாளு அதுலதான் குளிக்கோணும். அன்னிக்கு நான் ராஜா."

குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்ன அலமாரி. அதில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. மூடி நெளிந்திருந்ததால் சரியாக மூடாது. அலமாரிக் கதவும் அப்படியேதான். வயநாட்டு சோப்பு அந்த டப்பாவுக்குள் போய் விழுந்தது.

உள்ளே ஏற்கெனவே ஒரு கூட்டம் இருந்தது. மைசூர் சோப்பு, கோவா சோப்பு, கொடைக்கானல் சோப்பு. எல்லோருக்கும் மூத்தது ஊட்டி சோப்பு. ஒன்பது வருஷ சர்வீஸ். தாளில் எழுத்து அழிந்து, உடம்பில் கோடு கோடாக வெடிப்பு விட்டிருந்தது. வாசம் என்ற பேச்சே இல்லை.

"வரிசையில கடைசியில நில்லு" என்றது ஊட்டி. "இங்கே ஒரு ஒழுங்கு இருக்கு. அவர் ரிட்டையர் ஆகிற அன்னைக்கு நமக்குத்தான் முதல் மரியாதை."

"அதுவரைக்கும் என்ன பண்றது?"

"என்ன கேள்வி இது? தேயாம இருக்கிறது. என்னைப் பாரு, வந்தப்ப எவ்வளவு எடையோ அவ்வளவும் அப்படியே இருக்கு."

மற்ற சோப்புகள் எல்லாம் பெருமையோடு தலையாட்டின.

மூடியின் இடுக்கு வழியே குளியலறை நன்றாகத் தெரிந்தது. அதுதான் கொடுமை. தினமும் கண்ணெதிரே பக்கெட்டில் தண்ணீர் விழும், ஆவி பறக்கும், சிவப்பு சோப்பு நுரையில் குளித்துக் கும்மாளம் போடும். ஒருநாள் புது சோப்பின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த சில்லு மேலே பார்த்துக் குரல் கொடுத்தது.

"என்ன, மலைநாட்டு மகாராணி! உள்ளே சௌகரியமா?"

"உனக்கென்ன, பேசுவே. நாளைக்கு நீ இருக்க மாட்டே. பயமா இல்லையா?"

"பயமா? நேத்து அவருக்குக் கம்பெனியில ஏதோ சண்டை. முகமெல்லாம் எண்ணெய் வழிய வந்து நின்னார். நான்தான் தேய்ச்சு விட்டேன். போகும்போது லேசா விசிலடிச்சுக்கிட்டுப் போனார். அந்த விசில்ல பாதி என்னுது. உன் பங்குக்கு என்ன இருக்கு?"

மறுநாள் காலையில் சில்லு முழுதும் கரைந்து போயிருந்தது. வயநாட்டு சோப்புக்கு அழுகை வந்தது. பொறாமையில் வந்த அழுகை அது.

அன்று முதல் அது வாசத்தைக் காப்பாற்றுவதே வேலையாக இருந்தது. காற்றுப் படாமல் தாளை இறுக்கிக்கொண்டது. வெயில் காலத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தது. 'இன்னும் ஒன்றரை வருஷம். இன்னும் ஒரு வருஷம். இன்னும் ஆறு மாசம்.' வெளியே சிவகுருநாதனும் பல் தேய்த்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக அந்த நாள் வந்தது. முந்தின நாள் கம்பெனியில் சால்வை போர்த்தி அனுப்பிவிட்டார்கள். வேலை இல்லாத முதல் காலை. என்றாலும் சிவகுருநாதன் ஐந்தரைக்கே எழுந்து, ஏழு நிமிஷ அலாரம் வைத்து, பக்கெட்டை நிரப்பிவிட்டார். முகம் கழுவிய ஈரக் கையோடு அலமாரியைத் திறந்து, டப்பாவுக்குள் கைவிட்டார். அகப்பட்டது வயநாட்டு சோப்பு.

"ஒழுங்கு! வரிசை!" என்று கத்தியது ஊட்டி. யார் காதிலும் விழவில்லை.

சணலை அவிழ்த்தார். தாளைப் பிரித்தார். மூக்கருகே கொண்டுபோனார். சோப்பு இருந்த கொஞ்ச வாசத்தையும் திரட்டிக் கொடுத்தது.

"அட! இன்னும் கொஞ்சம் வாசம் இருக்குது, இந்திரா!"

"பின்னே என்னங்க, எடுத்துக் குளிங்க. இந்த நாளுக்குத்தானே வச்சிருந்தீங்க?" என்று வாசலில் நின்று சொன்னாள் இந்திராணி.

சிவகுருநாதன் யோசித்தார். சோப்பையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார். பழக்கம் யாரை விட்டது?

"இல்ல புள்ள. இனிமேல் சம்பளம்னு ஒண்ணு வராது. இப்பத்தான் சூதானமா இருக்கோணும். இது கெடக்கட்டும். நம்ம அறுபதாங்கல்யாணத்தன்னிக்கு எடுத்துக்கலாம்."

பத்து வருஷம்! பத்து வருஷம் கழித்து வயநாட்டு சோப்பு சோப்பாகவா இருக்கும்? ஊட்டியைப் போல ஒரு வெறும் கட்டியாகத்தான் இருக்கும். கை மறுபடியும் டப்பாவை நோக்கி நகர்ந்தது. மூடியின் இடுக்கு கிட்டே வந்தது. ஈரக் கையில் சோப்புக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதானே? உடம்பை ஒரு நெளி நெளித்து, விரல்களுக்கு நடுவே வழுக்கியது.

பொத்தென்று பக்கெட்டில் விழுந்தது.

"ஐயையோ, புடி, புடி!" என்று அலறினார் சிவகுருநாதன். முழங்கை வரை விட்டுத் துழாவினார். அது வழுக்கி வழுக்கி ஓடியது. கடைசியில் பிடித்து எடுத்தபோது கையெல்லாம் நுரை.

"தொடச்சுக் காயவெச்சா?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

"நனைஞ்சதை டப்பாவுல போட்டா பூஞ்சக்காளான் புடிச்சு மத்ததும் கெட்டுருமுங்க. குளிச்சுத் தொலைங்க!" என்று கதவைச் சாத்தினாள் இந்திராணி.

வேறு வழியில்லாமல் குளித்தார். எலுமிச்சைப்புல் வாசம் கதவிடுக்கு வழியே கூடத்துக்கு வந்து, அடுப்படிக்கும் வந்தது. ஏழு நிமிஷ அலாரம் அடித்து ஓய்ந்தது. அரை மணி ஆயிற்று.

"ஏனுங்க, உள்ளாற தூங்கிப்போட்டீங்களா?"

"இரு புள்ள, இன்னொரு பக்கெட்டு ரொம்புது" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அதைத் தொடர்ந்து விசில் சத்தமும் வந்தது.

டப்பாவுக்குள் ஊட்டி சோப்பு பெருமூச்சு விட்டது. "நல்ல சோப்பு. இன்னும் பத்தே பத்து வருஷம் பொறுத்திருக்கலாம். பாவம், அநியாயமா வீணாப்போச்சு."