தோணிக்காரியின் மூச்சு

ஒரு ஊரில் ஒரு துணி அலமாரி இருந்தது. ரொம்பப் பழைய காலத்தில் ஒன்றுமில்லை, போன ஆடி மாதம்தான். தூத்துக்குடியில் ஆடிக்காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அலமாரிக்குள் சேலைகளை ஒதுக்கிவிட்டு, ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, அமலி என்கிறவள் வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தாள். தான் எழுதிய பெரிய மாயக்கதையைத் தானே வாய்விட்டுப் படித்து, காதால் கேட்கும் புத்தகமாகப் பதிவு செய்துகொண்டிருந்தாள்.

அவளே ஏன் இந்தப் பாடு பட வேண்டும்? பெரிய நிறுவனம் ஒன்று கதையை முதலில் கேட்கத்தான் செய்தது. "மூன்று தலை யாளி பிரமாதம். போர் அதைவிடப் பிரமாதம். அந்தத் தோணிக்காரி மட்டும் வேண்டாம், எடுத்துவிடுங்கள்" என்றது. அமலி தோணிக்காரியை எடுக்கவில்லை. கதையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். தன் கையே தனக்கு உதவி என்று ஒரு மைக்கை வாங்கி அலமாரிக்குள் வைத்தாள்.

அந்தத் தோணிக்காரியின் பெயர் உமரி. தண்ணீரைக் கண்டாலே அவளுக்குக் கைகால் உதறும். தண்ணீருக்குப் பயந்தவள் தோணி ஓட்டுவானேன் என்று கேட்கலாம். அவளுக்கு வேறு பிழைப்பில்லை, அவ்வளவுதான். பயமில்லாத வேலையாகப் பார்த்துச் செய்கிற பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கிறது?

அன்று அமலி முதல் பாகத்தின் கடைசிக் காட்சியைப் படித்தாள். ஆற்றில் வெள்ளம். கரையில் எதிரி நாட்டுப் பிள்ளைகள் நிற்கிறார்கள். பின்னால் யாளி வருகிறது. அமலி எழுதியிருந்தபடி, உமரி துடுப்பைப் போட்டுவிட்டு ஓடிவிட வேண்டும்.

அந்த இடம் வந்ததும் அமலிக்கு வாய் எழவில்லை. உமரி ஓடுவாளா? அந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டா? அலமாரிக்குள் ஒரு மூச்சு எழுந்தது. நீளமான, நடுவில் நடுங்கிய மூச்சு. மைக் காதைத் தீட்டிக்கொண்டது. மூச்சு முடிந்ததும், காகிதத்தில் இல்லாத ஒரு சொல் வெளியே வந்தது.

"ஏறுங்க."

அமலியே திடுக்கிட்டாள். பிறகு காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தோணி அக்கரை சேரும்வரை மனதில் வந்ததையே சொல்லி முடித்தாள்.

மறுநாள், பதிவில் வேண்டாத சத்தத்தை வெட்டுவதற்காகக் கணினியில் குடியிருக்கும் கத்தரிக்கு வேலை வந்தது. "வார்த்தை இல்லாத சத்தம் எதுவும் இருக்கக் கூடாது" என்று அமலி உத்தரவு போட்டாள். கத்தரி விசுவாசமான ஜீவன். எள் என்றால் எண்ணெயாக நிற்கும். குக்கர் விசிலை வெட்டியது. தெருவில் போன மீன்காரரின் கூவலை வெட்டியது. உமரியின் மூச்சையும் வெட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டது.

தொட்டிக்குள் மீன்காரரின் கூவல் மூச்சை ஏற இறங்கப் பார்த்தது. "நானாவது சாளை வித்தேன். நீ என்னத்த வித்த?"

"நான் உமரியோட மூச்சு. நான் இல்லாம அவளால அந்த வார்த்தையச் சொல்ல முடியாது."

"அதான் சொல்லிட்டாளே! மேல நல்லா கேக்குதே!" என்று குக்கர் விசில் சிரித்தது.

மேலே ஓடிய பதிவை மூச்சு காது கொடுத்துக் கேட்டது. யாளி உறுமியது. அது முடிந்த சூட்டோடு, மூச்சுவிட நேரமில்லாமல், "ஏறுங்க" என்றாள் உமரி. ரயில் நிலையத்தில் வண்டி வருவதை அறிவிப்பதுபோல் இருந்தது. மூச்சுக்கு அழுகையே வந்துவிட்டது.

"கத்தரி! ஏ கத்தரி! என்னைத் திரும்ப எடுத்து வை!" என்று அது கத்தியது.

"வார்த்தையா நீ?" என்று கத்தரி கேட்டது.

"இல்லை."

"அப்போ பேசாம கிட. நீ இருந்தா, கேக்குறவங்க அந்த இடத்துல 'கதை நின்னு போச்சு'ன்னு நெனச்சு வேற கதைக்கு நகர்ந்துருவாங்க."

யாளி மூன்று வாயாலும் கொட்டாவி விட்டது. "எதுக்கு வீண் சண்டை? சனங்க காசு குடுத்துக் கேக்குறதே என் உறுமலைத்தான். தோணிக்காரி மூச்சு விட்டா என்ன, விடாட்டி என்ன?"

"நீ உறுமும்போது யாருக்காகப் பயப்படுறாங்க? உனக்காகவா?" என்று மூச்சு கேட்டது. யாளி மூன்று தலையையும் ஒவ்வொன்றாகச் சொறிந்துகொண்டது.

கேட்கிறவர்களுக்குப் பிடிக்கிறதா பார்ப்போம் என்று அமலி முதல் பாகத்தை இலவசமாக இணையத்தில் விட்டாள். இரண்டாம் பாகத்தைத் தொடங்க உட்கார்ந்தபோது, 'இடம் போதவில்லை. குப்பைத்தொட்டியைக் காலி செய்யவா?' என்று கணினி கேட்டது. காலி செய்துவிட்டால் உள்ளே இருப்பது திரும்ப வராது. தொட்டிக்குள் எல்லாச் சத்தங்களும் ஒடுங்கிப் போயின. மூச்சு மட்டும், "நான் போக மாட்டேன்" என்று விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

அமலி போனில் வந்திருந்த குரல்செய்தி ஒன்றை ஓடவிட்டபடியே, 'காலி செய்' என்ற பொத்தானை நோக்கி விரலை நகர்த்தினாள். பேசியது மயிலாத்தாள் என்கிற பெண், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தைக்கிறவள்.

"வணக்கமுங்க. ஒரு காதுல உங்க கதையப் போட்டுக்கிட்டுத்தானுங்க தைக்கறது. யாளி நல்லாத்தான் உறுமுதுங்க. ஆனா அந்தத் தோணிக்காரி ஏனுங்க அப்படி வெடுக்குன்னு பேசிப்போட்டா? பயந்தவ அப்படிப் பேச மாட்டாளுங்க. எங்க கம்பெனில பின்கதவ அட்டைப்பெட்டி அடுக்கி அடைச்சு வெச்சிருக்காங்க. நாளைக்கே தீ கீ புடிச்சா நாங்க எங்கீங்க ஓடறது? சூப்பர்வைசருகிட்டச் சொல்லோணும்னு தெனமும் போயி நிப்பனுங்க. சொல்லு தொண்டையிலயே நின்னுக்கும். ஒண்ணுமில்லீங்கன்னு திரும்பி வந்துருவேன். அந்தத் தோணிக்காரி மட்டும் எப்படிச் சொன்னான்னு தெரிஞ்சுக்கத்தானுங்க காத்திருந்தேன். அத எங்கியோ விட்டுப்போட்டீங்க."

அமலியின் விரல் அந்தரத்தில் நின்றது.

அந்தக் காட்சியைப் போட்டுக் கேட்டாள். மயிலாத்தாள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. உமரி அங்கே இல்லை, அவள் குரல்தான் இருந்தது. அந்தச் சொல்லுக்கு முன்னால் வந்த மூச்சைக் காணோம். அமலி ஓடிப்போய் அலமாரிக்குள் உட்கார்ந்து புதிதாக ஒரு மூச்சு விட்டாள். இளைப்பு நோய்க்காரி மாதிரி இருந்தது. இன்னொன்று விட்டாள். நாடகத்தில் வில்லன் விடுகிற பெருமூச்சாக வந்து விழுந்தது.

"இதுல ஒண்ணை வெச்சா ஆகாதா? எல்லாம் காத்துதானே" என்றது கத்தரி.

அதுவரை வாய் திறக்காத மைக் இப்போது பேசியது. "அன்னைக்கு இவளுக்கு உமரி ஓடுவாளா நிப்பாளான்னு தெரியாது. இன்னைக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டு விடுற மூச்சு வேற, கத்தரி."

மைக் பேசியது அமலிக்குக் கேட்டதோ இல்லையோ, அவள் நேராகக் கணினிக்கு வந்து குப்பைத்தொட்டியைத் திறந்தாள். கிடந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டாள். குக்கர் விசில். யாரோ இருமியது. மீன்காரரின் கூவல்.

"தோணிக்காரி வாரா, வழி விடுங்கப்பா!" என்று கூவல் ஒதுங்கிக்கொண்டது. அதற்கும் மனசு இருந்திருக்கிறது.

மூச்சு அமலியின் காதில் விழுந்தது. அவள் கண் கலங்கிவிட்டது. "இவளத்தான் தூக்கிப் போட்டேனா?" என்றாள். உமரியை எடுக்கச் சொன்னவர்களிடம் சண்டை போட்டுவிட்டு வந்து, தன் கையாலேயே எடுத்துப் போட்டிருக்கிறாள். சொன்னால் வெட்கக்கேடு. மூச்சை முழுசாக, ஓரம்கூடக் கத்தரிக்காமல், பழைய இடத்திலேயே வைத்தாள்.

"கேக்குறவங்க நகர்ந்துருவாங்க" என்று கத்தரி கடைசியாக எச்சரித்தது.

"நகரட்டும். நிக்கிறவங்களுக்காகத்தான் நான் வந்தேன்" என்றது மூச்சு.

அமலி முதல் பாகத்தைத் திருத்தி மறுபடி வெளியிட்டு, மயிலாத்தாளுக்கும் தகவல் சொன்னாள்.

திருப்பூரில் மயிலாத்தாள் தைத்துக்கொண்டே கேட்டாள். யாளி உறுமி ஓய்ந்தது. பிறகு சத்தமில்லை. அவள் கால் தானாக மிதியிலிருந்து எடுபட்டது, தையல் மிஷின் நின்றது. காதுக்குள் அந்த மூச்சு மெல்ல எழுந்து, நடுவில் நடுங்கி, உடையாமல் முடிந்தது. "ஏறுங்க" என்றாள் உமரி.

மயிலாத்தாள் காதிலிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தாள். சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றாள்.

"என்ன மயிலா?"

அவள் வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. "ஒண்ணுமில்லீங்க" என்று திரும்பி வருகிற இடம் இதுதான். சூப்பர்வைசர் மறுபடி போனைப் பார்க்கக் குனிந்தார்.

மயிலாத்தாள் திரும்பவில்லை. ஒரு மூச்சு எடுத்தாள். அது நீளமாக வந்தது, நடுவில் நடுங்கியது. பக்கத்து மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"அந்தப் பின்கதவ இன்னிக்கே தொறந்தாகோணும்."