கேமரா முன்னால் காலிச் சட்டி

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடை முதலாளி சங்கரமூர்த்திக்கு ஒரு கனவு. கோபுரத்துக்கு மேலே, பால் நிற மேகம் பூராவும் அவர் முகம். கீழே ஊரே சொக்கிப்போய்ப் பார்க்கிறது. கனவுக்கு என்ன, யாரும் காணலாம். அவர் விழித்ததும் விலை உயர்ந்த கேமரா ஒன்றை வாங்கிவந்து, கோவா கிண்டும் பேச்சியம்மாளிடம் நீட்டினார்.

"நெட்ல போடுற வீடியோவுக்கு நல்ல கேமரா இருந்தாப் போதும், கூட்டம் தானா வரும். நாளைக்குள்ள லட்சம் பேர் பாக்கணும். இல்லேன்னா வேலைக்கு வராதே."

"சரிங்க மொதலாளி."

மறுநாள் பாலாவி மிதக்க வேண்டிய அடுப்படியில் புகையே இல்லை. கேமரா காலிச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் பேச்சியம்மாள் சுகமாகக் கண்ணயர்ந்திருந்தாள். கோவா வாங்க வந்தவர்கள் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"ஏய் பேச்சி! பால் எங்கே?"

"ஊத்தலீங்க."

"அப்ப எதைப் பாக்க வருவான்?"

"கேமரா இருந்தாப் போதும்னீங்களே மொதலாளி. பாலும் விறகும் எதுக்கு வீணாக்கணும்னு விட்டுட்டேன்."

வாசலில் ஒரே சிரிப்பு. முதலாளி விறகை எடுத்து அவளிடம் நீட்டினார். 'வேலைக்கு வராதே' என்ற பேச்சையே எடுக்கவில்லை.

"சரி, அடுப்பை மூட்டு. லட்சம் பேர் எப்பத்தான் வருவாங்க?"

"மொதல்ல வாசல்ல நிக்கிற நாலு பேர் போகாம இருக்கட்டும், மொதலாளி."