வகுப்பறைக் குரல்

சவரிமுத்து இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தியவர். கடைசி பெஞ்சில் தூங்குகிறவனையும் எழுப்பிவிடுகிற குரல் அவருக்கு. ஐம்பத்திரண்டு வயதில் ஆசை விடாமல், மூளைச் செல்களை ஆராய ஓர் ஆய்வுக்கூடத்தில் மாணவராக வந்து சேர்ந்தார்.

குருவாக வாய்த்த மெஹருன்னிசாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. காதில் மெஷின் வைத்திருப்பார். அதனாலேயே சவரிமுத்து அவரிடம் இன்னும் உரக்கப் பேசுவார். நல்லெண்ணம்தான், வேறொன்றும் இல்லை.

அன்று காலை சவரிமுத்து இரண்டு கண்ணாடித் தட்டுகளோடு வந்து நின்றார். எலி மூளையின் மேலடுக்கான புறணியில் இருந்து எடுத்த செல்களை அவற்றில் வளர்த்திருந்தார். எட்டு மாத உழைப்பில் மிஞ்சியவை அவ்வளவுதான். இதுவும் போனால் ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று மனைவியிடம் சொல்லியாகிவிட்டது.

"செல்லெல்லாம் சாகுது மேடம்! கொட்டிடவா?"

"என்ன செஞ்சீங்க?"

"செல்லுங்க ஒண்ணோடொண்ணு அதிகமாப் பேசட்டும்னு மருந்து போட்டேன். ரெண்டு நாளா ஓயாத பேச்சு. நல்லாப் பழகி இன்னும் கூடுதலா சேதி வாங்கும்னு பாத்தா, ரெண்டு செல்லு சந்திக்கிற ஒவ்வொரு இடத்துலயும் முன்னைவிடக் கம்மியாத்தான் வாங்குது!"

மெஹருன்னிசா காது மெஷினைத் தொட்டார்.

"கேக்கலியா மேடம்?" குரலை ஏற்றி முழுவதையும் மறுபடி சொன்னார் சவரிமுத்து.

அவர் மறுபடியும் மெஷினைத் தொட்டார்.

மூன்றாவது முறை சொன்னபோது வராந்தாவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். மெஹருன்னிசாவின் விரல் மூன்றாவது முறையும் காதுக்குப் போனது. முகத்தில் சிரிப்பு வேறு.

சவரிமுத்துவுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் இருவரும் பேசவில்லை. மெஹருன்னிசா மட்டும் ஒருமுறை காதைத் தொட்டுக்கொண்டார்.

"எல்லாம் போச்சு," என்று சவரிமுத்து தனக்குள் முணுமுணுத்தார்.

"ஒண்ணும் போகல," என்றார் மெஹருன்னிசா.

சவரிமுத்து நிமிர்ந்தார். "இதுவா கேட்டுச்சு?"

"இப்பதான் மெஷின் சத்தத்தைக் கூட்டி வச்சேன்."

"அப்ப முதல்ல?"

"நீங்க குரலை ஏத்த ஏத்த நான் குறைச்சேன். தாங்கணுமில்ல?"

கொட்டுவதற்காகத் தட்டை எடுக்கப்போன சவரிமுத்துவின் கை அப்படியே நின்றது. இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக மெதுவாகக் கேட்டார்.

"அப்ப... இதுங்க சாகலையா மேடம்?"

"செத்தது காதைப் பொத்திக்குமா சார்?"