கூடாரம் இருந்த இடம்

"அம்மா, நாற்பது அடி பாடி முடித்துவிட்டேன். முதல் அடி மட்டும் வர மாட்டேன் என்கிறது."

சொன்னவர் ஒன்றும் கற்றுக்குட்டி இல்லை. ஷமீல் குலத்தின் கவிஞர் நவ்பல், தாடி நரைத்தவர். அவர் ஒருவனை வைதால் அவன் பேரன் காலம் வரைக்கும் அந்த வசை ஒட்டிக்கொண்டிருக்கும் என்று பாலைவனம் முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சில் அவருக்கும் கொஞ்சம் பெருமைதான்.

எதிரே ஒட்டக ரோமம் நூற்றுக்கொண்டிருந்தவர் ருமைலா அம்மையார். செத்தவர்களுக்கு ஒப்பாரி பாடுகிறவர். எந்தக் குலத்துச் சாவென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் எந்த எல்லையையும் அவர் தடையில்லாமல் கடக்கலாம். நவ்பலைவிடப் பத்து வயது இளையவர். ஆனால் சொல் விஷயத்தில் நவ்பல் தலை குனிகிற ஒரே ஆள் அவர்தான்.

"யாருக்கு இந்தப் பாட்டு?"

"ராஸிம் குலத்துக்கு. என் தம்பி மகனைக் கொன்றுவிட்டார்கள். பிறை தெரிந்ததும் சந்தை கூடும், எல்லாக் குலமும் வரும். நான் பாடி முடித்த கையோடு எங்கள் ஆட்கள் ஈட்டியைத் தூக்குவார்கள்."

"முதல் அடியில் என்ன தகராறு?"

"வழக்கம்தான் தகராறு! எந்தப் பாட்டானாலும், காலியான கூடாரத்தடியில் நின்று அழுதுதான் தொடங்க வேண்டுமாம். அங்கே குடியிருந்தவர்களை நினைத்து உருக வேண்டுமாம். அப்புறம்தான் ஒட்டகம் ஏறி, சொல்ல வந்ததைச் சொல்லலாமாம். திட்டப் போகிறவனுக்கு எதற்கம்மா அழுகை? இத்தனை வருடம் பொய்க்கு அழுதேன். இந்த முறை பொய்யும் வரவில்லை."

ருமைலா நூற்ற நூலைச் சுற்றி வைத்தார். எழுந்து போய் ஒட்டகத்தை எழுப்பினார்.

இரண்டு நாள் பயணம். அம்மையார் முன்னால், நவ்பல் பின்னால்.

மூன்றாம் நாள் காலை, வறண்ட ஓடைக்கரை ஒன்றில் நிறுத்தினார்.

"இறங்குங்கள்."

அங்கே ஒன்றுமில்லை. கரி பிடித்த மூன்று அடுப்புக் கல். மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்கக் கூடாரத்தைச் சுற்றி வெட்டிய வாய்க்கால், பாதி தூர்ந்துபோய். காய்ந்த ஒட்டகச் சாணம்.

"பாடுங்கள்."

நவ்பல் நின்றார். தொண்டையைச் செருமினார். தலைகீழாக நின்றாலும் வராது போலிருந்தது.

"சரி, உட்காருங்கள்."

உட்கார்ந்தார். வெயில் ஏறியது. கை சும்மா இருக்கவில்லை, மணலைத் தள்ளிக்கொண்டிருந்தது. பெரிய அடுப்புக்குப் பக்கத்தில் இன்னோர் அடுப்பு தெரிந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மூன்று கூழாங்கல். அதிலும் கரி.

யாரோ ஒரு குழந்தை, அம்மா சமைக்கும்போது தானும் சமைத்திருக்கிறது. அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே நெருப்புக் கங்கு ஒன்றை எடுத்து வைத்துக் கொடுத்திருக்கிறாள்.

கற்களின் மேல் ஓர் ஓட்டுச் சில்லு. அதில் நான்கு பேரீச்சங்கொட்டை. சமையலை இறக்கி வைக்கக்கூட அந்தக் குழந்தைக்கு நேரம் இருந்திருக்கவில்லை.

நவ்பலுக்கு முதல் அடி தானாக வந்தது.

"கூழாங்கல் மூன்றில் உலையேற்றிப் போனவளே,
கொதிக்கிறது இன்னும், யாருக்குப் பரிமாற?"

முப்பது வருடம் பாடியவர். இப்படி ஓர் அடி தனக்குள் இருந்தது அவருக்கே தெரியாது. யாரோ பாடிக் கேட்டதுபோல அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணீர் தாடிக்குள் இறங்கியது, துடைக்கத் தோன்றவில்லை.

"அம்மா, யார் இவர்கள்? ஏன் இப்படி அடித்துப் பிடித்து ஓடினார்கள்?"

ருமைலா பதிலுக்கு ஒரு பாட்டைப் பாடினார். ராஸிம் குலத்தின் மேல் பாடிய வசை. கோழைகள், விருந்தாளி வாசலில் நின்றால் அடுப்பை அணைக்கிறவர்கள் என்று போகும் அது.

நல்ல பாட்டுத்தான். சவுக்கு மாதிரி ஒவ்வோர் அடியும். போன வருடம் அதைக் கேட்டு ரோஷம் ஏறித்தான் ஷமீல் குலத்து வாலிபர்கள் வாளும் கையுமாக இந்த ஓடைக்கரைக்கு வந்தார்கள்.

அந்தப் பாட்டு நவ்பலுக்கு முழுக்கத் தெரியும். இயற்றியவர் அவர்தான்.

பிறை தெரிந்தது. சந்தை கூடியது. ஒரு பக்கம் ஷமீல் குலத்தார், கையில் ஈட்டி. மறுபக்கம் ராஸிம் குலத்தார், அவர்கள் கையிலும் ஈட்டி. நவ்பல் மேட்டில் ஏறி முதல் அடியைப் பாடினார்.

அவ்வளவு பெரிய சந்தை அப்படியே அடங்கிப்போனது. பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட மேட்டுப் பக்கம் திரும்பினார்கள். ராஸிம் பக்கத்தில் ஒரு பெண் முக்காட்டை வாயில் அழுத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

எல்லாரும் காத்திருந்தார்கள். அடுத்த அடி வரவில்லை.

"அண்ணா!" பிள்ளையைப் பறிகொடுத்த தம்பி கூட்டத்திலிருந்து கத்தினான். "அழுதது போதும், ஒட்டகம் ஏறுங்கள்! என் பிள்ளையின் ரத்தம் காத்திருக்கிறது!"

நவ்பல் தம்பியைப் பார்த்தார்.

"நான் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேனடா. நீயும் வா."