கண் சிமிட்டாதவர்

ஒரு ஊரில் ஒரு சினிமாக் கொட்டகை இருந்தது. அதன் வாசலில் நாற்பதடி உயரத்துக்கு ஒரு கதாநாயகனின் கட்-அவுட்டை நிறுத்தினார்கள். ஒட்டுப்பலகையில் வரைந்து வெட்டிய உருவம். ஒரு கை இடுப்பில் இருந்தது. இன்னொரு கை முன்னால் நீண்டு, உள்ளங்கையை விரித்து, யாரையோ வா என்று கூப்பிட்டது. யாரை என்று கேட்டால் ஒவ்வொருவரும் என்னைத்தான் என்பார்கள். அப்படி நினைத்துக்கொள்ள வேண்டும் என்றுதானே அப்படி வரைகிறார்கள்.

அந்தக் கையை ஒரு மணிப்புறா பார்த்தாள்.

அவளிடம் அப்போது பயத்தைத் தவிர வேறு எதுவும் மிச்சமில்லை. பத்து நாளைக்கு முன்னால், எதிர்ச்சாரி தூங்குமூஞ்சி மரத்தில் அவள் கட்டியிருந்த கூட்டுக்குக் காக்கை வந்தது. இரண்டு முட்டைகளையும் அவள் கண்ணெதிரே உடைத்துக் குடித்துவிட்டு, அலகைக் கிளையில் துடைத்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து இலை அசைந்தாலும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரை எடுக்கப் போனாலும் பாதியில் திரும்பி வந்துவிடுவாள்.

கட்-அவுட்டின் காலடியில் ஒரு ஒலிபெருக்கி. வரப்போகும் படத்தில் கதாநாயகன் பேசுகிற ஒரே ஒரு வசனத்தை அது நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருந்தது.

"நான் இருக்கேன். பயப்படாதே."

மணிப்புறா அண்ணாந்து பார்த்தாள். சிரித்த முகம். நேராக அவளையே பார்க்கும் கண். இந்தத் தெருவில் இவ்வளவு பயத்தோடு இருப்பது யார்? அவள்தான். அப்படியென்றால் அவர் யாரிடம் சொல்கிறார்? யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"இங்கதான் கூடு கட்டணும்," என்றாள் தன் துணையிடம்.

அவன் கட்-அவுட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தான். "இங்கயா? காது கிழியுது. அதோட அவன் கண்ணையே சிமிட்ட மாட்டேங்குறான். எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

"மரியாதையாப் பேசு. என்னை விட்டுக் கண்ணெடுக்க அவருக்கு மனசில்ல, அவ்வளவுதான்."

அவன் குச்சி பொறுக்கப் போனான்.

அந்தக் கை மட்டும் தனிப் பலகை. உடம்பை விட்டு முன்னால் தள்ளி நிற்பதற்காக, நடுவே ஒரு சவுக்குக் கம்பை வைத்துக் கயிற்றால் இறுக்கியிருந்தார்கள். தட்டைப் பலகையில் ஒரு துரும்பு நிற்குமா? அவள் வைத்த குச்சியெல்லாம் உள்ளங்கைக்குப் பின்னால் அந்தக் கம்பின் மேல்தான் நின்றது. அவளோ அவருடைய கையில் குடியேறிவிட்டதாகவே நினைத்தாள்.

மூன்றாம் நாள் கம்பு தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

"தாயி, ஒரு வார்த்தை. உன்னைத் தாங்குறது கை இல்ல. நான்."

"நீ யாரு?"

"கம்பு. இதே இடத்துல பல படம் பார்த்தவன். வெள்ளிக்கிழமை படம் வருது. மேல ஏறி பால் ஊத்துவானுங்க, வெடி வைப்பானுங்க. படம் போனதும் ஒரு வியாழக்கிழமை முகத்தைக் கழட்டிக் கீழ எறக்கிடுவாங்க. முட்டை வைக்கிறதுக்கு முன்னால வேற இடம் பாரு."

"முகத்தைக் கழட்டறதா? நாக்கு அழுகிடும் உனக்கு. அவர் பக்கத்துல இருந்தும் உன்னை அவர் பார்க்கறதில்ல. அந்த வயித்தெரிச்சல்ல பேசற."

புதன்கிழமை ஒரு முட்டை வைத்தாள். வியாழக்கிழமை இன்னொன்று. காக்கை அந்தப் பக்கமே வரவில்லை. ஒலிபெருக்கியின் சத்தத்துக்கு அஞ்சி வரவில்லை என்று கம்புக்குத் தெரியும். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை மேளம் வந்தது. குடம் குடமாகப் பால் வந்தது. வாலிபர்கள் கட்-அவுட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த சாரத்தில் கிடுகிடுவென்று ஏறி, கதாநாயகன் தலையில் பாலைக் கவிழ்த்தார்கள். நெற்றியில் விழுந்து, மூக்கில் இறங்கி, மோவாயிலிருந்து பால் கூட்டுக்குள் கொட்டியது. பகலில் அடைகாப்பது ஆண்புறாவின் முறை. அவன் இரண்டு இறக்கைகளையும் விரித்து முட்டைகளைப் போர்த்திக்கொண்டான். தடம் மாறி வந்த ராக்கெட் வெடி ஒன்று அவனுடைய இடது இறக்கையைப் பொசுக்கிவிட்டுப் போனது. அவன் துடித்தான், எழுந்திருக்கவில்லை.

மணிப்புறா டிக்கெட் கவுண்டரின் கூரை மேல் உட்கார்ந்து பால் வழியும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் உள்ளே போனபிறகுதான் கூட்டுக்கு வந்தாள்.

"அவ்வளவு பேர் அவரைக் கும்பிட்டாங்க. நீ மட்டும் அவருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தியே," என்றாள்.

"முட்டை நனைஞ்சு போச்சு," என்றான் அவன். "ஒண்ணு சில்லுனு கெடக்கு. அதுல உயிர் இல்ல."

அவள் அந்த முட்டையைப் பார்த்தாள். காக்கை வந்த நாளின் பயம் ஒரு நொடி எட்டிப் பார்த்தது. அந்தப் பயம் அவளுக்குப் பழக்கமானது. உடனே அண்ணாந்து முகத்தைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "அவரைத் தொட்ட பால் நம்ம கூட்டுக்கு வந்திருக்கு. பிரசாதம்னு நெனச்சுக்கோ," என்றாள்.

அதன்பிறகு அவன் நாலு நாள் வந்தான். ஒரு இறக்கையால் பறக்க முடியாமல், சாரத்தில் கட்டை கட்டையாகத் தத்தி ஏறி வந்து அடைகாத்தான். ஐந்தாம் நாள் வரவில்லை. அவன் வரவில்லை என்பதே அவளுக்கு எட்டாம் நாள்தான் உறைத்தது.

"அவர் எங்க?" என்று கம்பிடம் கேட்டாள்.

கம்புக்கே கேள்வி புரிய கொஞ்ச நேரம் ஆனது. அவள் யாரையும் அவர் என்று சொன்னால், அது மேலே இருப்பவராகத்தான் இருக்கும்.

"உன் வீட்டுக்காரனையா கேக்குற? போன செவ்வாக்கிழமை சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டுல விழுந்து கெடந்தான். பெருக்கற சகாயமேரி வெடிப்பேப்பரோட சேர்த்து அள்ளிக்கிட்டுப் போனா. ஐயோ பாவம்னு சொல்லிட்டுத்தான் அள்ளினா. அதையும் சொல்லிடறேன்."

மணிப்புறா மெல்ல முகத்தை உயர்த்தினாள். அன்று ஊற்றிய பால் கதாநாயகனின் கண்ணுக்குக் கீழே கோடாகக் காய்ந்து போயிருந்தது. ஈ மொய்த்தது.

"பாரு," என்றாள். "அவர் அழுதிருக்கார். எனக்காக."

கம்பு நடுங்கியது. அன்றைக்குக் காற்றே இல்லை.

மிஞ்சிய ஒரு முட்டை பொரிந்தது. கண் திறக்காத, இறகில்லாத ஒரு குஞ்சு. அந்த வாரமே கூட்டம் குறைந்தது. ஒருநாள் மத்தியானம் கொட்டகைக்காரர் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டார்.

தெரு திடீரென்று அமைதியானது. மணிப்புறா சட்டென்று அண்ணாந்து முகத்தைப் பார்த்தாள். ஏன் பேசவில்லை? நான் என்ன செய்துவிட்டேன்? காலையில் இரை தேடி வெகுநேரம் போய்விட்டேனே, அதற்காகவா? அவள் இறகைக் கோதிக்கொண்டாள். கூட்டை ஒழுங்கு செய்தாள். குஞ்சுக்குக் கொண்டுவந்த தானியத்தில் பாதியை எடுத்து உள்ளங்கைப் பலகையின் விளிம்பில் வைத்தாள். அது உருண்டு கீழே விழுந்தது.

அமைதி காக்கையின் காதுக்கும் எட்டியிருந்தது. கட்-அவுட்டின் தோளில் வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, குஞ்சைப் பார்த்தது.

"நீங்க இருக்கேன்னு சொன்னீங்களே," என்று மணிப்புறா மேலே பார்த்துக் கதறினாள். "இப்ப வாங்க. இப்ப ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அதே சிரிப்பு. ஒரு பல்லுகூடக் கூடவில்லை, குறையவில்லை. காக்கை ஒரு எட்டு கீழே இறங்கியது.

அப்போது கம்பு, கட்டு அவிழ்ந்தாலும் போகட்டும் என்று, தன் முழு பலத்தையும் திரட்டி ஒருமுறை திமிறியது. கயிறு கிரீச்சிட்டது. கை முழுவதும் ஆடியது. காக்கை வெலவெலத்துப் போய் எழும்பிப் பறந்தது.

"கையை அசைச்சார்," என்று அழுதாள் மணிப்புறா. "நான்தான் சந்தேகப்பட்டுட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

கம்பின் முடிச்சு ஒரு பக்கம் தளர்ந்து தொங்கியது. அதை யாரும் கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை வந்தது. கொட்டகை வேலையாட்கள் சூசையும் மாயக்கண்ணனும் கயிறும் சுத்தியலுமாகச் சாரத்தில் ஏறினார்கள்.

"மாயா, இங்க வந்து பாருப்பா. கைக்குப் பின்னால புறாக்கூடு. குஞ்சு ஒண்ணு இருக்கு," என்றான் சூசை.

"அடுத்த படத்துக்கும் இதே உடம்புதான். தலைய மட்டும் மாத்தினாப் போதும். கையத் தொடாத, இருந்துட்டுப் போகட்டும்."

"தொடாம எப்படி? கட்டு அவுந்து தொங்குது. சாயங்காலத்துக்குள்ள குஞ்சோட கீழ வந்துரும்."

சூசை ஒரு கையைக் கூட்டுக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் முடிச்சைப் போடத் தொடங்கினான். காய்ப்பு ஏறிய கை. சூடான கை. விரல்கள் அசைந்தன. மணிப்புறா இதுவரை விரல் அசைகிற கையைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. ரத்தம் உறைகிற பயம் அவளுக்கு. பாய்ந்து வந்து அந்த விரல்களைக் கொத்தினாள். தோல் கிழிந்தது. மறுபடி கொத்தினாள்.

"சரிம்மா, சரிம்மா. ஒண்ணும் பண்ணல. இதோ முடிஞ்சுது," என்றான் சூசை. கையை எடுக்கவில்லை. முடிச்சு இறுகியபிறகுதான் எடுத்தான். விரலை வாயில் வைத்துக்கொண்டு மேலே ஏறினான்.

பிறகு தலையைக் கழற்றினார்கள்.

ஆணிகள் ஒவ்வொன்றாக விட்டன. முகம் முன்னால் சாய்ந்து, சுழன்று, கயிற்றில் இறங்கியது. இறங்கும்போது அதன் பின்பக்கம் அவள் பக்கம் திரும்பியது. வெறும் பலகை. துருப்பிடித்த ஆணி முனைகள். ஏதோ ஒரு பழைய சோப்பு விளம்பரம் தலைகீழாக. அந்த முகத்துக்குப் பின்னால் யாரும் இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை.

"இப்பவாவது பாரு தாயி," என்றது கம்பு மெதுவாக.

அவள் பார்த்தாள். எல்லாம் தெரிந்தது. சில்லிட்ட முட்டை தெரிந்தது. பொசுங்கிய இறக்கையோடு தத்தித் தத்தி ஏறி வந்தவன் தெரிந்தான். கழுத்துக்கு மேலே, முகம் இருந்த இடத்தில், வெறும் வானம் இருந்தது. காக்கையிடம்கூட அவள் இவ்வளவு பயந்ததில்லை. நான் தனியாக இருக்கிறேன் என்று நினைத்தாள். முதலிலிருந்தே தனியாகத்தான் இருந்தேன்.

அதைத் தாங்கிக்கொள்ள அவளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் கிடைத்திருந்தால் தப்பித்திருப்பாள். ஆனால் சூசையும் மாயக்கண்ணனும் வேலையில் சுறுசுறுப்பானவர்கள். அரைமணி நேரத்தில் புதுத் தலை ஏறிவிட்டது.

இது வேறு ஆள். புருவத்தில் வெட்டுக்காயம். சிவந்த கண். கீழே முறைத்துக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கி மறுபடி உயிர் பெற்றது.

"என்னைத் தாண்டி எவனும் போக முடியாது."

மணிப்புறா வெகுநேரம் அண்ணாந்தபடி இருந்தாள். அவள் உடம்பின் நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

அன்றுதான் குஞ்சு கண் திறந்தது.

"யாரும்மா அது?"

"அவர்தான். நம்மளக் காப்பாத்தறவர்."

"ஏன் முறைக்கிறாரு?"

"இன்னைக்கு வேற ஒரு கை நம்மளத் தொட்டுதுல்ல. நான் தொட விட்டுட்டேன். அதான் கோபம்."

"இல்ல தாயி," என்றது கம்பு. "பிள்ளைகிட்டயாவது சொல்லாத."

ஒலிபெருக்கி வசனத்தை இன்னொரு முறை சொன்னது. கம்பின் குரல் அதில் அமுங்கிப் போனது.

குஞ்சு அந்த முகத்தையே பார்த்தது. "ஏம்மா அவரு கண் சிமிட்டவே மாட்டேங்குறாரு?"

"நம்மள விட்டுக் கண்ணெடுக்க அவருக்கு மனசில்ல. நீயும் சிமிட்டாத. ஏற்கெனவே ஒரு தடவை போயிட்டார். நீ கண்ணை மூடற நேரமாப் பார்த்து மறுபடி போயிட்டா என்ன பண்றது?"

குஞ்சு மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை அகலத் திறந்து வைத்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மேளம் வந்தது. பால் குடங்கள் சாரத்தில் ஏறின. புதுத் தலையில் கவிழ்த்த பால் நெற்றியில் விழுந்து, மூக்கில் இறங்கி, மோவாயிலிருந்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த குஞ்சின் கண்ணில் கொட்டியது.

அது கண்ணை மூடவில்லை.