கோரை பிடுங்கிய வெயிலுகந்தம்மை

பூவிளாங்குறிச்சி நிழல்தந்தநாதர் கோயிலில், தெற்கு மதிலை ஒட்டி ஒரு நந்தவனம் உண்டு. அங்கே களையெடுப்பதுதான் வெயிலுகந்தம்மையின் திருப்பணி. விளக்கேற்றுவது, மாலை கட்டுவது என்று பேர் சொல்லும் தொண்டுகளெல்லாம் வேறு ஆட்களுக்கு வாய்த்தன. இவருக்கு வாய்த்தது மண்ணும் களைக்கொத்தும்தான். விடியும்போதே குளித்து, ஈரத்தலையோடு நீறிட்டு, மூக்கையும் வாயையும் மறைத்து ஒரு துணி கட்டிக்கொள்வார். பூவின் மணம் ஆண்டவனுக்கு முன்னால் தன் மூக்கில் ஏறிவிடக் கூடாது. பூமேல் தன் பேச்சும் பட்டுவிடக் கூடாது. பூப்பறித்துக் குடலையைக் குருக்கள் கையில் கொடுத்த பிறகே துணியை அவிழ்ப்பார். அப்புறம் பொழுது சாயும்வரை குனிந்த முதுகு நிமிராது.

களைகளிலும் கொடுத்துவைத்தவை உண்டு. அருகம்புல் பிள்ளையாருக்குப் போகும். எருக்கும் போகும். தும்பையோ சிவனார் முடியிலேயே ஏறிவிடும். அவற்றைப் பிடுங்கும்போது அம்மைக்குக் கோபம் வருவதில்லை, வேலியோரம் நட்டுவைத்துவிடுவார். பார்த்தீனியம் கையெல்லாம் தடிக்கவைக்கும் என்றாலும் இழுத்தால் வேரோடு வந்துவிடும். கோரையிடம்தான் அவர் தோற்றுப்போனார். மேலே பார்த்தால் பச்சை ஊசிபோல ஒரு துளிர். இழுத்தால் அந்தத் துளிர் மட்டும் கையோடு வரும், கிழங்கு மண்ணுக்குள் தங்கிவிடும். அதற்குக் கீழே இன்னொரு கிழங்கு, அதற்கும் கீழே ஒன்று, உருத்திராட்சம் கோத்ததுபோல. எந்தச் சாமிக்கும் ஆகாத பயிர். மாடுகூட மனமில்லாமல்தான் கடிக்கும்.

அந்தக் கோரையை நந்தவனத்துக்குக் கொண்டுவந்தவரும் அம்மையேதான். கணவரைப் பறிகொடுத்த கோடையில் தெப்பக்குளம் வற்றித் தூரெடுத்தார்கள். சாமி தெப்பமேறிச் சுற்றிவந்த குளமாயிற்றே, அந்த வண்டலைவிடப் புண்ணியமான உரம் ஏது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ஊரார் வயலுக்கு வண்டி வண்டியாக அடிக்க, அவர் கூடை கூடையாகத் தலையில் சுமந்து பிச்சிக்கும் அரளிக்கும் நந்தியாவட்டைக்கும் பரப்பினார். துக்கத்தையும் அந்தச் சுமையோடு சுமந்துதான் ஆற்றிக்கொண்டார். வண்டலுக்குள் கிழங்கு இருந்தது அவர் கண்ணில் படவில்லை. முதல் மழைக்கே பாத்தியெல்லாம் ஊசி ஊசியாக எழுந்தது. அன்போடு செய்த காரியம் இப்படியா விடிய வேண்டும்!

கோயில் வாசலில் பூக்கடை வைத்திருந்த பேச்சித்தங்கத்துக்கு இது நல்ல வேடிக்கை.

"எக்கா, சாமிக்குப் பூந்தோட்டம் போட்டிருக்கீயளா, கோரத் தோட்டமா?"

"சிரி தாயி, சிரி. நீ நெழல்ல உக்காந்து யாவாரம் பண்ணுத. ஒனக்கென்ன?"

"நாலு பன்னிய வாங்கி விடுங்க. கெழங்கத் தோண்டித் தின்னுரும். பெருமாளே பன்னியா வந்து தோண்டித்தான நம்ம சாமி பாதத்தத் தேடுனாரு!"

"தேடுனாரு, கெடைக்கலல்லா? இந்தக் கெழங்கும் அப்படித்தான் கெடக்கு" என்றார் அம்மை. சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

தர்மகர்த்தா மகராசன் அரிசி ஆலை வைத்திருந்தவர். கெட்டவர் இல்லை, பொறுமை இல்லாதவர். ஒருநாள் களைக்கொல்லி டப்பாவோடு வந்து நின்றார்.

"எம்மா, இத அடி. வேரோட கருகிரும்."

"மொதலாளி, இது பூவுலயும் படும். அந்தப் பூ சாமி தலையில ஏறும். என் கையால அடிக்க மாட்டேன்."

மகராசன் முகம் சிவந்துவிட்டது. "அப்போ ஆவணி மூலத் திருவிழா அன்னைக்கு இங்க ஒத்தக் கோரை இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னா மொத்தத்தையும் வழிச்சு எறிஞ்சிட்டு சிமெண்டப் போட்டு வண்டி நிறுத்த விட்டுருவேன். பூவக் கடையில வாங்கிக்கிடலாம்."

அதன் பிறகு அம்மை உண்டதும் உறங்கியதும் பேருக்குத்தான். ஒவ்வொரு துளிருக்கும் முழங்கை ஆழம் தோண்டினார். மண்ணைச் சலித்துக் கிழங்கைப் பொறுக்கினார். நகம் பிய்ந்தது. இடுப்பு விட்டுப்போயிற்று. எரிச்சலில் பல்லைக் கடித்தாலும் வாய் சிவநாமத்தை விடவில்லை. மூலத்துக்கு முந்தின நாள் பாத்திகள் கழுவிவிட்டதுபோலக் கிடந்தன. அன்று மாலை நல்ல மழை.

மூலத்தன்று விடிந்தபோது தோட்டம் முழுக்கப் பச்சை ஊசி. வாசலில் லோடு ஆட்டோ சிமெண்ட் மூட்டைகளோடு வந்து நின்றது. அம்மை பூக்குடலையும் கையுமாகப் பார்த்தபடியே நின்றார். இத்தனை காலம் ஒரு நாளும் செய்யாததை அன்று செய்தார். முகத்துத் துணியைப் பிடித்து இழுத்துவிட்டு, கருவறை இருந்த திக்கைப் பார்த்துக் கத்தினார்.

"எய்யா, ஒமக்கென்ன! கல்லுமேல கல்லா உக்காந்துட்டீரு. ஒம்ம பக்கத்துல ஒரு கோரை மொளைச்சாத்தான என் பாடு தெரியும்? நானும் பிடுங்குதேன், பிடுங்குதேன், ஒரு சொல்லு உண்டா? இன்னைக்கு ஒம்ம பூவுக்கே மண்ணு விழப்போவுது. நல்லாப் பாத்துட்டு இரும்!"

கத்தி முடித்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, துணியை மறுபடி கட்டி, குடலையோடு நந்தி அருகே போய் நின்றார்.

சபேச குருக்கள் அப்போதுதான் நடை திறந்தார். உள்ளே போனவர் போட்ட சத்தத்தில் மகராசன் ஓடிவந்தார். விளக்கொளியில், ஆவுடையாரின் அடியை ஒட்டி ஒரு பச்சை ஊசி நின்றது.

"யாருவே இத இங்க கொண்டாந்து நட்டது?"

"பூட்டின நடை, நான்தான் திறந்தேன்" என்றார் குருக்கள். "போன வருஷம் தரையிலே நீங்க பூசிக் கொடுத்த சிமெண்ட்தான். அதைத் தொளைச்சுண்டு வந்திருக்கு, பாருங்கோ."

குருக்கள் அதைக் கிள்ளி எடுத்தார். திருமஞ்சன நீரை வார்த்தார். நீர் வடியும் முன்பே அதே துளையில் இன்னொரு துளிர் தலையை நீட்டியது. மகராசன் வெளியே திரும்பி, "மூட்டைய எறக்காதீங்கடே, திருப்பிக் கொண்டு போங்க. எவ்வளவு கோரை மொளைச்சாலும் நந்தவனம் நந்தவனமாவே இருக்கட்டும்" என்றார்.

கிள்ளிய துளிரை வில்வ இலையில் வைத்து, கொஞ்சம் நீறும் இட்டு, குருக்கள் நந்தி அருகே வந்தார். "இந்தாம்மா. சுவாமி உனக்குன்னு கொடுத்தனுப்பியிருக்கார்."

குடலையை அவரிடம் கொடுத்துவிட்டு அம்மை துணியை அவிழ்த்தார். பிய்ந்த நகங்களோடு இரண்டு கையையும் ஏந்தினார். திட்டித் திட்டிப் பிடுங்கிய அதே கோரை, பிரசாதமாக உள்ளங்கையில் கிடந்தது. "ஒம்மையும் விடலியா எய்யா இது?" என்றவருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

செய்தி கேட்டு ஓடிவந்த பேச்சித்தங்கம் காலில் விழுந்து எழுந்தாள். "இனி கோரையப் பிடுங்க மாட்டீயளாக்கா?"

"நல்லாருக்கே கதை! சாமிகிட்ட மொளைச்சதக் கும்பிட்டுக்கிடுதேன். பாத்தியில மொளைச்சத விட்டுருவனா?" என்று களைக்கொத்தைத் தேடி எழுந்தார் அம்மை.

அன்றும் கோரை முளைத்தது, மறுநாளும் முளைத்தது. அலுத்துக்கொண்டே பிடுங்கினார், பிடுங்கிக்கொண்டே பாடினார். தீராத வேலையைத் திட்டியும் கைவிடாமல் செய்தவரின் சங்கடத்தை ஈசன் தன் காலடியிலேயே முளைக்கவைத்து ஏற்றுக்கொண்டான். குனிந்து உழைக்கும் முதுகுகளெல்லாம் வெயிலுகந்தம்மையின் பேரைச் சொல்லி ஒருதரம் நிமிர்ந்துகொள்ளட்டும்.