உள்ளிருந்து உடைந்த சுவர்

மலைக்காட்டில் ஒரு பெரிய குங்கிலிய மரம். அதன் பொந்துக்குள் வெண்கண்ணி என்ற பெண் இருவாச்சி, இரண்டு முட்டைகளோடு தன்னைத்தானே அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவளை யாரும் சிறை வைக்கவில்லை. இருவாச்சிகளின் வழக்கமே அதுதான். முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை பொந்துக்குள் போய்விடும். மண்ணையும் பழச்சக்கையையும் தன் எச்சத்தையும் குழைத்து வாசலைப் பூசி மூடிவிடும். அலகு நுனி நுழைய ஒரு கீறல் மட்டும் மிஞ்சும். பிறகு சிறகெல்லாம் உதிர்ந்துவிடும். அது மறுபடி முளைக்கும்வரை, ஆண் பறவை பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்டினால்தான் சாப்பாடு.

வெண்கண்ணியின் கணவன் பெயர் செங்கண்ணன். அவன் சிறகடித்து வந்தால் ரயில் மலையேறுவது போலச் சத்தம் கேட்கும். இருட்டில் இருந்தவளுக்கு உலகம் என்றால் அந்தச் சத்தம்தான். பழத்தை ஊட்டிவிட்டு அவன் உடனே போகமாட்டான். கீறலோடு முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பான்.

"வானம் எப்படி இருக்கு?" என்று அவள் தினமும் கேட்பாள்.

"அப்படியேதான் இருக்கு. நீதான் அதுல இல்ல" என்பான் அவன்.

அதைக் கேட்டதும் அவளுக்கு அவனோடு கூடப் பறந்த நாட்களெல்லாம் நினைவுக்கு வரும். அவன் போன பிறகு முட்டைகளை அணைத்துக்கொண்டு அடுத்த சிறகுச் சத்தத்துக்காகக் காத்திருப்பாள்.

அந்த மரத்தடியில் ஓர் உடும்பு இருந்தது. முட்டை என்றால் அதற்கு உயிர். ஒருநாள் செங்கண்ணன் இல்லாத நேரம் பார்த்து மரமேறி, சுவரைப் பிறாண்டிப் பார்த்தது. நகம்தான் வலித்தது. சுவர் காய்ந்து இறுகிப்போயிருந்தது. உள்ளே இருப்பவளே உடைத்தால்தான் உண்டு என்று அதற்குப் புரிந்துவிட்டது.

உடும்பு யோசித்தது. பிறகு கீறலுக்குப் பக்கத்தில் வந்து பெருமூச்சு விட்டது. "பாவம்மா நீ. இங்க இருட்டுல கிடக்குற. உன் வீட்டுக்காரர் எதிர் மலையில வேற ஒருத்திகூட சுத்துறாராமே."

வெண்கண்ணி சிரித்தாள். "நீ பார்த்தியா?"

"நான் பார்க்கல. சொன்னாங்க."

"அப்போ அது ஆதாரமற்ற பேச்சு. இறங்கிப் போ."

உடும்பு இறங்கித்தான் போனது. ஆனால் சும்மா இருக்கவில்லை. அடுத்த மரத்து மலையணிலைக் கூப்பிட்டு, யாரிடமும் சொல்லாதே என்று சொல்லி அதே கதையைச் சொன்னது. மலையணில் கெட்டது அல்ல. அதன் வாய்தான் நிற்காது. கிளைக்குக் கிளை தாவுகிற வேகத்திலேயே கதையும் தாவியது. குரங்குகள் பேசின, மைனாக்கள் பேசின. பார்த்தவர் மட்டும் ஒருவரும் இல்லை.

ஒருநாள் காலையில் பழம் ஊட்ட வந்த செங்கண்ணனிடம் வெண்கண்ணி செல்லமாக அலுத்துக்கொண்டாள். "அத்திப்பழமே தின்னு வாய் செத்துப்போச்சு. ஜாதிக்காய்ப் பழம் எங்கயாவது பழுத்திருக்குமா?"

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அவன் பறந்தான். அவளும் கேட்டதை மறந்துவிட்டாள்.

அன்று மதியம் அவன் வரவில்லை. மாலையிலும் வரவில்லை. மறுநாள் விடிந்து வெயில் ஏறியும் சிறகுச் சத்தம் இல்லை. வெண்கண்ணிக்குப் பசித்தது. பசியைவிட, கீறலுக்கு அந்தப் பக்கம் அந்த முகம் இல்லாததுதான் அவளை வாட்டியது. எங்கேயோ ஒரு காற்று அடித்தாலும் அவன்தான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அந்த நேரம் பார்த்து மலையணில் வந்தது. "அக்கா, உங்களை நினைச்சா எனக்கு அழுகையா வருது. மாமா இனிமே வரமாட்டாராம்."

"யார் பார்த்தா?" என்று வெண்கண்ணி கேட்டாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

"யாரு பார்க்கணும்? காடே சொல்லுதுக்கா."

காடே சொல்கிறது! அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு ஒற்றை வார்த்தையில் துரத்திய அதே பேச்சு, இன்றைக்கு ஏக்கத்தோடு சேர்ந்து பயமாகிவிட்டது. ஒரே ஒரு தடவை உடும்பு சொன்ன அந்த எதிர் மலையைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அவன் வருகிறானா இல்லையா என்று தெரிந்தால் போதும். அலகால் சுவரைக் கொத்தினாள். கொத்தக் கொத்தச் சுவர் பெயர்ந்து விழுந்தது.

வெளிச்சத்தில் கண் கூசியது. சிறகில்லாத உடம்போடு தத்தித் தத்திக் கிளையின் ஓரம்வரை போனாள். வானம் அப்படியேதான் இருந்தது. அவனைத்தான் அதில் காணவில்லை. குரல் கம்மும்வரை அவனைக் கூப்பிட்டாள்.

பின்னால் ஏதோ உரசியது. திரும்பிப் பார்த்தால் உடும்பின் வால் பொந்துக்கு வெளியே நெளிகிறது. அவள் பதறிக்கொண்டு தத்தி ஓடினாள். வாலைக் கவ்வி வெளியே இழுத்தாள், மண்டையில் மாறி மாறிக் கொத்தினாள். உடும்பு கிளையிலிருந்து நழுவி விழுந்தது. ஆனால் அதற்குள் ஒரு முட்டையை அது விழுங்கியிருந்தது.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. ரயில் மலையேறுகிற சத்தம்.

செங்கண்ணன் வந்து உட்கார்ந்தான். நனைந்திருந்தான், களைத்திருந்தான். அவள் ஏன் வெளியே நிற்கிறாள் என்றுகூடக் களைப்பில் அவனுக்குக் கேட்கத் தோன்றவில்லை. தொண்டையில் பத்திரமாக வைத்திருந்த ஜாதிப்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"நீ கேட்டியே. இந்தப் பக்கம் எங்கயும் இல்ல. ரெண்டு மலை தாண்டிப் போனேன். திரும்பும்போது மழையில மாட்டிக்கிட்டேன்."

வெண்கண்ணி அலகால் பொந்தைக் காட்டினாள். அவன் எட்டிப் பார்த்தான். வெகுநேரம் தலையை வெளியே எடுக்கவில்லை.

அதுவரை பக்கத்துக் கிளையில் ஒண்டியிருந்த மலையணில் மெல்ல முன்னால் வந்தது. காதில் விழுந்ததைத்தான் சொன்னேன், வேறொன்றும் செய்யவில்லை என்று முனகியது. யார் சொல்லிக் காதில் விழுந்தது என்று செங்கண்ணன் கேட்டான்.

"உடும்பு."

"காடே சொல்லுதுன்னியே. காடுன்னா அந்த ஒரு உடும்புதானா?" என்றாள் வெண்கண்ணி.

மலையணில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது. செங்கண்ணன் வெண்கண்ணியை ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. ஓடைக்குப் போய் அலகு நிறைய மண் கொண்டுவந்தான். அவள் மறுபடி உள்ளே போய், மிச்சமிருந்த ஒற்றை முட்டையை அணைத்துக்கொண்டு வாசலைப் பூசினாள். சுவர் மூடும்போது கடைசியாக அவன் முகத்தைத்தான் பார்த்தாள்.

அதன் பிறகும் அவன் சில நாள் தாமதமாக வந்ததுண்டு. அப்போதெல்லாம் பழைய பயம் எட்டிப் பார்க்கும். வெண்கண்ணி தன் பக்கத்தில் முட்டை போய் வெறுமையாகக் கிடந்த அந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பாள். சுவரைத் தொடமாட்டாள். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பாள்.

வெளியிலிருந்து யாராலும் உடைக்க முடியாத சுவரையும், ஆதாரமற்ற ஒரு பேச்சை நம்பிவிட்டால் நாமே உள்ளிருந்து உடைத்துவிடுவோம்.